விண்வெளியிலிருந்து வீட்டுக்குப் போன்: அழைப்பு உடனே துண்டிக்கப்பட்டதற்குக் காரணம்

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் வாரம். வீட்டுக்கு போன் செய்தால் மகள் எடுப்பாள், ‘ஹலோ’ என்பாள், உடனே வைத்துவிடுவாள். நாலு நாள் இப்படியே போனது.

ஹெட்செட்டை மாற்றினேன், பலனில்லை. அப்புறம் நேரம்தான் தப்போ என்று தோன்றியது. அங்கே கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடும். கணக்குப் போட்டு, அவள் பள்ளி விட்டு வந்தபின் கூப்பிட்டேன். அதே கதை.

கடைசியில் பிடிபட்டது. நாங்கள் இருந்தது தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். ஆனால் குரல் நேராக இறங்குவதில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தொடர்புச் செயற்கைக்கோளுக்கு ஏறி, அப்புறம்தான் கீழே வரும். அவளுடைய ‘ஹலோ’வும் அதே சுற்று சுற்றித்தான் எனக்கு வரும். இடையில் விழும் மௌனத்தில், யாரோ தெரியாத எண் என்று வைத்துவிடுகிறாள்.

அதனால் மணி அடிக்கும்போதே ‘அப்பா பேசறேன், வைக்காதே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எடுத்ததும் என் குரல்தான் அவள் காதில் விழுந்தது. ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் ‘சரி, நீ சொல்லு’ என்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். புதிதாகப் போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பழக்கிவிடுவது நல்லது.

அன்று இருபது நிமிடம் பேசினோம். அதில் பத்து நிமிடம், அவளுக்கு விழுந்த முன்பல்லைப் பற்றி.