சைபர் தாக்குதல் நியாயமா என்று எடைபோடுவது எப்படி?

ஒரு நாடு இன்னொரு நாட்டின் கம்ப்யூட்டர்களை முடக்கியது என்று செய்தி வந்தால் போதும், பல்லடம் பேக்கரி பெஞ்சில் உடனே இரண்டு கட்சி. "குண்டு போடாமல் காரியத்தை முடிச்சிட்டாங்க, நல்லதுதானுங்க" என்பது ஒன்று. "போர்னு வந்தா எல்லாம் செல்லுமுங்க" என்பது மற்றொன்று. மில்களில் பிஎல்சி (மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்), டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) பார்க்கும் ஆள் நான். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நான் செய்தியைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலில், நின்றது எந்த மெஷின், அதை நம்பி இருந்தவர் யார் என்று பாருங்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின்விநியோக நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். ஆபரேட்டர் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து, பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று, அதுவும் குளிர்காலத்தில். படைகளையும் பொதுமக்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது போர்ச் சட்டத்தின் அடிப்படை. கம்ப்யூட்டர் வழியாக அடித்தால் அதற்கு விலக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

எல்லாமே இவ்வளவு தெளிவாக இருக்காது. 2022 பிப்ரவரி 24 அன்று வயாசாட் என்ற கம்பெனியின் செயற்கைக்கோள் இணைய மோடம்களை அழித்தார்கள். உக்ரைன் படைகளும் அந்த இணைப்பைப் பயன்படுத்தியதால் இராணுவ இலக்கு என்று வாதாட இடமுண்டு. ஆனால் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் சேர்ந்து போனது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. பழுது வந்தால் மட்டும் ஆள் நேரில் போக வேண்டும். உடுமலைப் பக்கம் காற்றாலை வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய இழுப்பு என்று சொல்வார்.

அடுத்து, அடி குறிவைத்த இடத்தோடு நின்றதா? ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் மெஷின்களை உடைக்க வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸின் வேலைப்பாட்டைப் பார்த்து நான் அசந்தே போனேன். சீமென்ஸ் பிஎல்சிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஃபின்லாந்தில் ஒன்று, ஈரானில் ஒன்று என்று இரண்டே கம்பெனிகளின் டிரைவ்கள் 33-க்குக் குறையாமல் இருக்கின்றனவா, 807 முதல் 1,210 ஹெர்ட்ஸுக்குள் ஓடுகின்றனவா என்று பார்க்கும். பொருந்தினால் 1,410-க்கு ஏற்றும், அப்புறம் 2-க்கு இறக்கும். புரோகிராமைத் திறந்தாலும் மாற்றம் கண்ணில் படாது. நம் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினின் டிரைவை அது சீண்டவே சீண்டாது. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏராளமான கம்ப்யூட்டர்களில் தொற்றியது என்றாலும், அங்கெல்லாம் எதையும் உடைக்கவில்லை.

2017 ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா என்ற வைரஸுக்கு அந்த நிதானம் கிடையாது. உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருள் வழியாகக் கிளம்பி, மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் வரை வந்தது. அங்கே கன்டெய்னர் வைத்திருந்தவருக்கும் உக்ரைனுக்கும் என்ன சண்டை?

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஆயுதம் எந்த ஓட்டை வழியாகப் போனது, அந்த ஓட்டை வேறு யார் வீட்டில் இருந்தது? அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ விண்டோஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் அது பொதுவெளியில் கசிந்தது. மே மாதம் வானாக்ரை என்ற, பணம் பறிக்கும் வைரஸ் அதை வைத்தே இங்கிலாந்து மருத்துவமனைகளை முடக்கியது; ஜூனில் நாட்பெட்யாவும் அதைப் பயன்படுத்தியது. மார்ச்சிலேயே ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டதே என்பீர்கள். சரி, மில்லில் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தொடச் சொல்லிப் பாருங்கள். "ஓடற மெஷின்ல கை வைக்காதீங்" என்றுதான் பதில் வரும். எதிரிக்காக ஒளித்துவைத்த ஓட்டை சொந்தக் குடிமக்களின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. எந்த அரசானாலும், எங்கள் நாடானாலும், இதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

யார் செய்தது என்பதைக் கடைசிக்கு விடுங்கள். நாட்பெட்யாவுக்கு ரஷ்ய இராணுவமே காரணம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தது 2018 பிப்ரவரியில்தான், ரஷ்யா மறுத்தது. மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் பதில் காண அந்தப் பெயர் தேவையே இல்லை.