டேப் போதும் என்று லேப்டாப்பை விற்பதற்கு முன்

திருப்பூரில் என் மச்சான் பத்து மெஷின் போட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். போன வருடம் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, கீபோர்டோடு ஒரு ஆண்ட்ராய்டு டேப் வாங்கினார். கையில் கனமில்லை, சார்ஜும் நாள் முழுக்க நின்றது. மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தார். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் போட வேண்டிய நேரம் வந்தபோதுதான் தெரிந்தது, கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் அதில் ஏறாது என்று.

பலரும் சறுக்குவது இங்கேதான். கீபோர்டு மாட்டினால் டேப் லேப்டாப் மாதிரியே தெரிகிறது. உள்ளே ஓடுவது வேறு. டேலிபிரைம் விண்டோஸுக்கானது. டேபில் பிரவுசர் வழியாக அறிக்கைகளைப் பார்க்கலாம், ஆனால் அந்த நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பில் விவரங்களை மொத்தமாகத் தயார் செய்யும் ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூலுக்கும் விண்டோஸ் வேண்டும். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி என்றால் ரிட்டர்னுக்கு டிஎஸ்சி எனும் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம்; அது இருக்கும் யுஎஸ்பி டோக்கனுக்குக் கம்ப்யூட்டர் இல்லாமல் ஆகாது. மச்சானுடையது தனி உரிமையாளர் தொழில் என்பதால் ஓடிபி போதுமாக இருந்தது. போர்ட்டலில் ஒவ்வொரு பில்லாகத் தட்டி, நடுராத்திரியில் முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பில் நம்பர் படித்துச் சொன்னது நான்தான்.

“எக்செல் டேபிலும் இருக்கிறதே” என்று நம்புவது அடுத்த தவறு. இருக்கிறது, ஆனால் வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைக்கும் மேக்ரோ அதில் ஓடாது. சனிக்கிழமை சம்பளப் பட்டியலை மேக்ரோவில் போட்டு வைத்திருப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதோடு, திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் ஃபைலைத் திருத்தவே மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கேட்கும். பெரிய திரைதான் வசதி என்று தேடி வாங்குகிறவர்கள் இதைக் கடையில் கேட்பதே இல்லை.

கோவையில் இன்ஜினியரிங் சேரும் அம்மிணி ஆசையாகக் கேட்கிறாள் என்று டேப் மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பேனாவால் படம் போட்டுக் குறிப்பெடுக்க அதைப்போல் வேறில்லை, நானே சொல்வேன். ஆனால் டிசைன் சாஃப்ட்வேரான சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். வரைபடம் போடும் ஆட்டோகேடின் முழு வடிவத்துக்கு விண்டோஸோ மேக்கோ வேண்டும். வீட்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லேப்டாப்பையே வாங்குங்கள்.

விலையிலும் ஏமாறுகிறோம். போர்டில் போட்டிருப்பது பெரும்பாலும் டேபுக்கு மட்டும். கீபோர்டு, பேனா, உறை எல்லாம் சேர்த்தால் சுமாரான லேப்டாப் விலை வந்துவிடும். இன்டெல் சிப் உள்ள சர்ஃபேஸ் மாதிரியான விண்டோஸ் டேபில் டேலி ஏறும், சரி. ஆனால் அதன் விலையே லேப்டாப் விலைதான்.

அதற்காக டேப் வீண் என்று சொல்லமாட்டேன். பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவர், ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்பவர், வீடியோவும் பிடிஎஃப்பும் பார்க்கிற அப்புச்சி, இவர்களுக்கெல்லாம் டேப் ஒன்றே தாராளம். ஆனால் தோப்புக்குக் கொண்டு போகிறவர் வைஃபை மட்டும் உள்ள மாடலை வாங்கிவிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி நிற்க வேண்டாம். சிம் போடும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு மாதம், லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் எதற்காகத் திறந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு வாரம் போதாது, ரிட்டர்ன் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். மச்சான் இப்போது செகண்ட்ஹேண்டில் ஒரு லேப்டாப் எடுத்து டேலி போட்டிருக்கிறார். டேப் தையல் பக்கம் போய்விட்டது. பையர் அனுப்பும் சாம்பிள் படத்தைப் பெரிதாக்கி டெய்லர்களுக்குக் காட்ட அதுதான் இருக்கிறது.