டிரைவர் கோடில் அந்த 49 எதற்கு? கமெண்ட் எழுதும் முறை

பாலக்கோட்டில் மாமாவின் பட்டுப்புழு மனையில் ஈரப்பதம் பார்க்க ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஒரு டிஹெச்டி11 சென்சார் மாட்டி, அதை லினக்ஸோடு பேசவைக்கும் டிரைவரும் நானே எழுதினேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தால் "20 மில்லிசெகண்ட் காத்திரு" என்று ஒரு கமெண்ட் (கோடைப் படிப்பவருக்கான குறிப்பு), அடுத்த வரியில் அவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கும் எம்ஸ்லீப்(20). அதுதான் கோடிலேயே தெரிகிறதே! எதற்கு வீணாக என்று 2 ஆக்கினேன், சென்சார் வாயே திறக்கவில்லை. "என்ன மாப்ள, பெட்டி செத்துப்போச்சா?" என்றார் மாமா.

டிரைவரை மாட்யூலாக (லினக்ஸின் மையமான கெர்னலில் செருகும் துண்டு) பில்ட் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், டேட்டாஷீட்டை (சென்சாரின் விவரத் தாள்) பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடில் உள்ள எண்களை மட்டும் தேடுங்கள். நான் வழுக்கியது இங்கேதான். இப்போது அந்த எம்ஸ்லீப் வரிக்கு மேல் இப்படி இருக்கிறது (லோ என்றால் கம்பியில் மின்னழுத்தம் குறைவு, ஹை என்றால் அதிகம்):

/* டேட்டா கம்பி குறைந்தது 18 மில்லிசெகண்ட் லோவில் இருந்தால்தான் சென்சார் விழிக்கும். குறைக்காதே. */

அப்புறம் 49 என்று ஒரு எண். இது டேட்டாஷீட்டில் எங்குமே இல்லை, ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். 0 பிட் என்றால் கம்பி 26 முதல் 28 மைக்ரோசெகண்ட் ஹையில் இருக்கும், 1 என்றால் 70. 28க்கும் 70க்கும் நடுவே 49, 0வா 1ஆ என்று பிரிக்கும் எல்லை, நானே போட்ட கணக்கு! டேட்டாஷீட்டில் உள்ள எண்ணுக்குப் பக்க எண் போதும், நீங்களாகக் கணக்குப் போட்டதென்றால் கணக்கையே எழுதுங்கள்.

அடுத்து, பார்த்தால் தேவையில்லாததுபோல் தெரியும் வரிகள். சென்சார் அனுப்பும் 40 பிட்டும் படிக்கும்வரை இன்டரப்டை (நடுவில் வேறு வேலைக்கு இழுக்கும் குறுக்கீடு) நிறுத்தி வைத்திருக்கிறேன். நடுவில் வேறு இன்டரப்ட் புகுந்தால் நேரக் கணக்கு தப்பி பிட் போய்விடும். இந்தக் காரணத்தை எழுதாவிட்டால் யாராவது "சுத்தம்" செய்துவிடுவார்கள், பெரும்பாலும் நீங்களேதான்.

ஃபங்ஷன் தலையில் கெர்னல்-டாக் (கமெண்டிலிருந்து ஆவணம் எடுக்கும் லினக்ஸ் முறை) பாணி, அதாவது தொடக்கத்தில் / போட்டு இரண்டு நட்சத்திரம். சாதாரண கமெண்டுக்கு ஒன்றுதான், மாற்றிப் போட்டால் கெர்னல்-டாக் ஸ்கிரிப்ட் கத்தும். சின்ன டிரைவருக்கு டாக்சிஜன் (இன்னொரு ஆவணக் கருவி) எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி. யார் எப்போது மாற்றினார் என்பதையும் கமெண்டில் எழுதாதீர்கள், அதற்கு கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் இருக்கிறது.

பிற்சேர்க்கை: ஸ்பின்லாக்குக்கு (ஒரே டேட்டாவை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் பூட்டு) என்ன எழுதுவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். "லாக் எடு" என்று எழுதாமல், அது எந்த டேட்டாவைக் காக்கிறது என்று அறிவிக்கும் இடத்திலேயே எழுதுங்கள். கெர்னல் கோடின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை --ஸ்ட்ரிக்ட் கொடுத்து ஓட்டினால் கமெண்ட் இல்லாத லாக்கைக் காட்டிக்கொடுக்கும். என்னுடையதில் இரண்டு மாட்டின.