விலையைக் குறைத்தும் ஏன் வாங்காமல் போகிறார்கள்? இராமேசுவரம், பாம்பன் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் சாலையோரக் கருவாட்டுக் கடைகளிலும் இராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள சங்குக் கடைகளிலும் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வந்தவர் கொஞ்சம் தயங்கினால் போதும், கடைக்காரர் விலையை இறக்கிவிடுகிறார். தயக்கம் விலையைப் பற்றியதுதானா என்று அவர் கேட்பதே இல்லை. சரக்கு பழசோ என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, கேட்காமலே விழுந்த நாற்பது ரூபாய் அந்த எண்ணத்தை உறுதியாக்கிவிடுகிறது. அவர் நகர்ந்துவிடுவார். கடைக்காரர் அவரைக் 'கஞ்சன்' என்பார்.

பேரம் பேசுகிறவர், சந்தேகக்காரர், அவசரக்காரர், எல்லாம் தெரிந்தவர் என்று ஆட்களை வகை பிரிப்பதில் தப்பில்லை. ஆனால் இன்று அவசரத்தில் பறந்தவரே அடுத்த முறை வந்து ஒரு மணி நேரம் பேரம் பேசுவார். ரயில் நேரம், வீட்டில் சமைப்பவர் யார், கூட வந்திருப்பவர்கள், போன தடவை வேறெங்கோ ஏமாந்தது, இவையெல்லாம் சேர்ந்துதான் அவரை அந்த நேரத்தில் அப்படி நடக்க வைக்கின்றன. அவருக்கு என்ன பயம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எடையா, தரமா, கெட்டுப்போகுமா, வீட்டில் திட்டு விழுமா? "வீட்டுக்கா, யாருக்காவது கொடுக்கவா?" என்ற ஒரே கேள்வியில் பெரும்பாலும் இது வெளியே வந்துவிடும்.

பேரம் பேசுகிறவர்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. நெத்திலிக் கருவாடு கிலோ 400 ரூபாய், அடக்க விலை 340 என்று வையுங்கள். லாபம் 60. நாற்பது குறைத்தால் மிஞ்சுவது 20. அதே 60 ரூபாயைப் பார்க்க இனி மூன்று கிலோ விற்க வேண்டும். அதற்குப் பதில் 50 கிராம் கொசுறு போட்டால் கையை விட்டுப் போவது 17 ரூபாய்தான். வாங்குகிறவருக்கும் ஜெயித்த திருப்தி கிடைக்கும். பேரம் பேசுகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவதும் அந்தத் திருப்திதான். கொசுறை நிறுவைக்குப் பிறகு, அவர் கண் முன்னால் போடுங்கள். நிறுக்கும்போதே சேர்த்துவிட்டால் கொடுத்தது யாருக்கும் தெரியாது.

"காலையில முதல் போணி, வெறுங்கையோட போயிடாதீங்க" என்று வழிமறிப்பதை விட்டுவிடுங்கள். சங்கடத்தில் கால் கிலோ வாங்குவார், அடுத்த முறை உங்கள் கடை இருக்கும் பக்கமே வரமாட்டார்.

சந்தேகக்காரரும் விவரம் தெரிந்தவரும்

இந்த இருவரையும் போட்டியாளராக நினைப்பது பெரிய தவறு. சந்தேகக்காரரிடம் "எங்க சரக்குல குறையே கிடையாது" என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. ஒரு நெத்திலியை எடுத்துக் கையில் கொடுங்கள். நன்றாகக் காய்ந்தது வளைத்தால் பட்டென்று முறியும், ஈரம் இருந்தால் வளையும். விரலால் தேய்த்தால் மணல் தட்டுப்படக் கூடாது. மணலில் பரப்பிக் காய வைத்ததற்கும் வலைப் பந்தலில் காய வைத்ததற்கும் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். உப்பு பூத்திருந்தால் அதை மறைக்காமல், எத்தனை முறை கழுவ வேண்டும் என்று சொல்லுங்கள். மின்தராசின் எண்கள் அவர் பக்கம் திரும்பியிருக்கட்டும். தராசைச் சரிபார்த்த ஆண்டு முத்திரை கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். பாத்திரத்தை வைத்து எண் பூஜ்யத்துக்கு வந்ததை அவர் பார்த்த பிறகே சரக்கைப் போடுங்கள்.

விவரம் தெரிந்தவர் மே மாதத்தில் வந்து, "தடைக்காலத்துல புதுக் கருவாடு எப்படி?" என்று மடக்குவார். கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பது அவருக்குத் தெரியும். பழைய சரக்கை 'முந்தாநாள் காய வச்சது' என்று இங்கே சொன்னால் கடையின் பெயரே போய்விடும். நாட்டுப்படகில் வந்தது எது, தடைக்கு முன்பே காய வைத்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். பழையதற்கு விலையும் குறைவாக இருக்கட்டும். முண்டு மிளகாயிலும் இதே கதைதான். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயரைக் கேட்டே தேடி வருகிறார்கள். குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் அந்த மிளகாயில் வேறு ரகத்தைக் கலந்து விற்றால், தெரிந்தவர் ஒரு கை அள்ளிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

சங்குக் கடையில் சந்தேகம் இன்னும் நியாயமானது. வலம்புரி என்று சொல்லி, அமெரிக்கக் கடலோரத்தில் இயல்பாகவே மறுபக்கம் சுழலும் வேறு வகைச் சங்கை விற்பவர்கள் இருக்கிறார்கள். நீண்டு ஒடுங்கும் வால்முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் வலம்புரிக்கு வாய் வலப்பக்கம் திறக்கும். அந்த அமெரிக்கச் சங்குக்கும் அப்படியே திறக்கும் என்பதால் இது மட்டும் போதாது. நம் கடல் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு வரப்புகள் இருக்கும், அதற்கு இருக்காது. இதை அவர் கேட்காமலே நீங்களே காட்டுங்கள். பூஜையறையில் வைக்க வாங்குகிறவரை ஏமாற்றுவது வியாபாரமே இல்லை. பவளப்பாறைத் துண்டோ, பவள இனத்தைச் சேர்ந்த கடல் விசிறியோ கேட்டு வற்புறுத்துகிறவரிடம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று இழுக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை விற்பது குற்றம், "இல்லை, விற்க மாட்டோம்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

அவசரமும் கூட்டமும்

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் தலையோடு வருகிற வடநாட்டுக் குழுவுக்கு ரயிலோ பேருந்தோ காத்திருக்கும். அவர்களிடம் சரக்கின் பெருமையைப் பேசத் தொடங்குவது தவறு. விலையை எண்ணில் எழுதிய அட்டை, கால் கிலோ, அரை கிலோ பொட்டலம், அதன் மேல் நிகர எடை, பொதிந்த தேதி, விலை. இவ்வளவு இருந்தால் மொழி தேவையில்லை. மொழி தெரியாதவர்தானே என்று ஒருவருக்கு ஒரு விலை, அடுத்தவருக்கு வேறு விலை சொன்னால் பேருந்தில் ஏறியதும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாக்கி முப்பது பேரும் இறங்க மாட்டார்கள்.

ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருகிறவரைக் கருவாட்டுக்குக் கூவி அழைக்காதீர்கள், முகம் சுளிப்பார். அவர் கேட்டால் மட்டும் விலை சொல்லுங்கள். அன்று கருப்பட்டியையும் மிளகாயையும் முன்னால் வைப்பது நல்லது.

குடும்பமாக வந்தால் பணப்பையை வைத்திருப்பவரிடமே பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவு செய்பவர் பெரும்பாலும் கருவாட்டை முகர்ந்து பார்க்கும் அம்மாவோ அத்தையோதான். பிள்ளை பெற்ற மகளுக்குப் பால்சுறா தேடி வந்தவரிடம் மலிவான வேறொன்றைத் தள்ளிவிடாதீர்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, எப்போது வரும் என்றும் சொல்லுங்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்துச் சபராளிகளிடம், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களிடம், அந்தக் காசைப் பற்றிய பேச்சே வரக் கூடாது. பெட்டியில் எத்தனை கிலோ ஒதுக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். வாடை வெளியே வராதபடி காற்று உறிஞ்சிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் விலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். 'காக்கா' (அண்ணன்) என்று அழைக்க வேண்டியவரை 'பாய்' என்று அழைப்பதும், நாற்பது வயதுப் பெண்ணைப் 'பாட்டி' என்பதும் வியாபாரத்தைக் கெடுக்கிற அளவு விலை கூடக் கெடுப்பதில்லை. வயது தெரியவில்லையா, 'அக்கா' போதும்.

கோபத்தோடு திரும்பி வருகிறவர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். கருவாட்டில் இளஞ்சிவப்புத் திட்டு விழுந்திருக்கும். ஈரம் தங்கினால் உப்பிலேயே வளரும் நுண்ணுயிரிகளால் வருவது அது. "எங்க வச்சீங்க?" என்று முதலில் கேட்டால் பழி அவர் மேல் விழுந்துவிடும், சண்டை வளரும். பொட்டலத்தை வாங்கிப் பாருங்கள், மாற்றிக் கொடுங்கள், அதன் பிறகு வைத்த விதத்தைக் கேளுங்கள். மற்றவர்கள் நிற்கிறார்களே என்று குரலை உயர்த்த வேண்டாம். அவர்களும் உங்கள் பதிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே அடுக்கில் மீதமிருக்கும் சரக்கையும் அன்றே பிரித்துப் பார்த்து, திட்டு விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மழைக் காலத்தில் விற்கும்போதே, வெயில் வந்தால் ஒருமுறை காய வைத்து மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கடனுக்கு வாங்கும் ஊர்க்காரரிடம் ஒன்றே ஒன்று. அவர் நிற்கும்போதே நோட்டில் எழுதித் தொகையைக் காட்டுங்கள், பாக்கியை வெளியூர்க்காரர் முன்னால் கேட்காதீர்கள்.