எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினியில் நுரை நிற்காத கதை: என் அனுபவம்

நான்கு நாளாக ஒரே தொல்லை. எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினி என்ற வோட்கா-காபி காக்டெய்லை ஷேக்கரிலிருந்து (குலுக்கும் மூடிக் குவளை) ஊற்றினால் மேலே மெல்லிய நுரை, அரை நிமிடத்தில் கரைந்துவிடும். கீழே நீர்த்த காபி.

அளவில் தவறில்லை: வோட்கா 50 மிலி, காபி லிக்யூர் (காபிச் சுவையுள்ள இனிப்பு மது) 30, சர்க்கரைப் பாகு 10, ஒரு எஸ்பிரெஸ்ஸோ (அழுத்தத்தில் இறக்கும் சிறு அளவு கெட்டிக் காபி). பாகைக் கூட்டினேன்; தித்திப்புதான் ஏறியது. கை வலிக்கக் குலுக்கினேன். ஐஸ் உருகி இன்னும் நீர்த்தது.

குற்றவாளி ஃப்ரிட்ஜில் இருந்தது. ஐஸ் உருகக் கூடாதென்று காபியை முந்தின நாளே போட்டுக் குளிர வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு! எஸ்பிரெஸ்ஸோவின் மேலுள்ள பொன்னிற நுரையில் இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு. ஆற வைத்தால் அது போய்விடும்; பிறகு எவ்வளவு குலுக்கினாலும் நுரை நிற்காது.

இப்போது காபியை இறக்கியதும் ஷேக்கரில் ஊற்றிவிடுகிறேன். ஐஸ் ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த பெரிய கட்டிகள்; மேலே ஈரம் மினுங்கினால் வேண்டாம். ஷேக்கர் நிறைய ஐஸ், 15 விநாடி பலமான குலுக்கல், உடனே வடிகட்டல்.

நுரை விரல் கனத்துக்கு நின்றது. மேலே வைத்த மூன்று காபிக் கொட்டைகளும் மூழ்கவில்லை. அப்பாடா!

கொட்டையின் வறுத்த தேதியையும் பாருங்கள். பல மாதப் பழசில் வாயு மிச்சமிருக்காது.