வீட்டு வேலையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கேரவனில் புறப்படுவது எப்படி

கேரவன் என்றதும் நம் ஊரில் பெரும்பாலோருக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். நான் இங்கே சொல்ல வருவது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகிய எல்லாம் உள்ளேயே அமைந்த, குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்வதற்கென்று வாடகைக்குக் கிடைக்கும் வண்டியைப் பற்றி. பெங்களூரில் இத்தகைய வண்டிகள் கிடைக்கின்றன. தருமபுரியில் இருக்கும் நாங்கள் ஐந்து பேரும், அதாவது கணவர், அத்தை, பிள்ளைகள் இருவர், நான், அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு நாள் சுற்றினோம்.

இரண்டாம் நாள் மாலை, கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் வண்டி நின்றது. பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கணவர் மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அத்தை வண்டியின் பின்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, குக்கரின் அடியில் பிடித்திருந்த பருப்பைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டதால் ஒரு சொம்புத் தண்ணீரிலேயே நான்கு பாத்திரங்களையும் அலச வேண்டியிருந்தது. "எப்படி இருக்குது அத்தை?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குதும்மா. வீட்டுல இருந்தா குழாயில தண்ணி வரும்" என்றார்.

கேரவன் பயணம் விடுமுறைக் கணக்கில் சேருமா என்று இப்போது யார் கேட்டாலும், வண்டியில் யாருடைய வேலை குறைந்தது என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். நெடுஞ்சாலையில் பல நாள் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து எழுந்திருக்கும் லாரி ஓட்டுநரை நாம் விடுமுறையில் இருப்பவர் என்று சொல்வதில்லை. பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட கேரவன்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1885-இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவருக்காகச் செய்யப்பட்ட குதிரை வண்டியாகும். அதில் அவர் ஊர் ஊராகப் போனபோது வண்டியோட்ட ஒருவரும், ஏவல் வேலைக்கு ஒருவரும் உடன் சென்றார்கள். அவருக்கு அது விடுமுறையாக இருந்ததற்கு அந்த இருவரின் உழைப்பும் ஒரு காரணம். நம்மிடம் வேலையாள் இல்லை, வேண்டியதும் இல்லை. ஆனால் வேலையை எண்ணிப் பார்த்துப் பிரித்துக்கொள்ளாமல் வண்டி ஏறினால், அது பழக்கத்தின்படி வீட்டுப் பெண்களின் தலையில்தான் வந்து விழும். மறு ஆண்டு நாங்கள் இரண்டாம் முறை போனபோது மாற்றிக்கொண்டவற்றையே கீழே எழுதுகிறேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நாளில் வண்டிக்குள் நடக்க வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதுங்கள். படுக்கையை மடிப்பது, தண்ணீர் பிடிப்பது, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வது, பாத்திரம் கழுவுவது, குப்பையைக் கட்டி எடுத்துப்போவது என்று எழுதிக்கொண்டே வந்தால் பதினைந்துக்குக் குறையாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். வண்டி ஓட்டுவது பெரிய வேலைதான் என்றாலும், ஓட்டுபவர் வண்டி நின்றபின் எதையும் தொட வேண்டாம் என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டியவர் மாலையில் பாத்திரம் கழுவலாம். எங்கள் தாளில் கழிப்பறைத் தொட்டிக்கு எதிரே கணவரின் பெயரும், தண்ணீருக்கு எதிரே மகனின் பெயரும் இருந்தன. அத்தையின் பெயர் எதற்கு எதிரேயும் இல்லை. முதல் நாள் முழுவதும் அவர் கை சும்மா இருக்க முடியாமல் தவித்ததைப் பார்த்தேன், மறுநாள் பழகிவிட்டது.

சமையலை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க முடியும். புறப்படும் நாளுக்குப் புளிச்சோறும் வறுத்த நிலக்கடலையும் கட்டிக்கொண்டால் அன்று அடுப்பே பற்ற வைக்க வேண்டியதில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம். காலையில் டீக்கும் இரவில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக்கும் மட்டும் வண்டி அடுப்பை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கலில் மீனை நீங்கள் வாங்கிக் கொடுத்தால், அங்கே அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் குழம்பு வைத்தோ வறுத்தோ தருவார்கள். கூலியை முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதில் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் செய்தபோது கணக்கில் வராத வேலைக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

தண்ணீர்க் கணக்கில்தான் முதல் பயணம் கெட்டது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வண்டியின் தொட்டி 100 லிட்டர் கொள்ளும் என்றார்கள். ஐந்து பேர் பல் துலக்கி, முகம் கை கால் கழுவ ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 25 லிட்டர் ஆகிறது. இரண்டு வேளை சமைத்துப் பாத்திரம் கழுவ, சிக்கனமாக இருந்தால் 30 லிட்டர். கழிப்பறைக்கு 20 லிட்டர். ஆக, யாரும் குளிக்காமலேயே ஒரு நாளைக்கு 75 லிட்டர் போய்விடுகிறது. ஒரு வாளிக் குளியலுக்கு 15 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு இன்னொரு 75 லிட்டர் வேண்டும். ஆகவே வண்டிக்குள் குளிப்பதை மறந்துவிட்டு, குளியல் வசதி உள்ள இடத்தில் தங்குமாறு திட்டமிடுங்கள். குடிதண்ணீருக்குத் தனியாக 20 லிட்டர் கேன் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தொட்டியை நிரப்ப ஓர் இருபது மீட்டர் ஓஸ் உங்களுடையதாகவே இருப்பது நல்லது, ஏனென்றால் குழாய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை எப்போதும் நிறுத்த முடியாது. கழிப்பறைத் தொட்டியை ஏரியிலோ ஓடையிலோ தோப்பு ஓரத்திலோ கொட்டுவது பெரும் பிழை. நீங்கள் தங்கும் விடுதியில் கேட்டு, அங்குள்ள கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும்.

மின்சாரத்திலும் இதே போன்ற கணக்கு உண்டு. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. அது பழைய வகை ஈய-அமில பேட்டரியாக இருந்தால், கெடாமல் இருக்கப் பாதியைத்தான், அதாவது 600 வாட்-மணியைத்தான் பயன்படுத்தலாம். 25 வாட் விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 400 போய்விடும். அதற்கு மேல் குளிர்பெட்டியும் ஓடினால் விடியும் வரை தாங்காது. எங்களுக்கு வண்டி கொடுத்தவர் ஏசி இரவெல்லாம் ஓடும் என்று சொல்லியிருந்தார். ஏசி பதினொரு மணிக்கும், விசிறி இரண்டு மணிக்கும் நின்றன. அத்தை முந்தானையால் சின்னவளுக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆகையால் வண்டியை எடுக்கும்போது பேட்டரி என்ன வகை, எத்தனை ஆம்பியர்-மணி, வெளியிலிருந்து மின்இணைப்பு கொடுக்க ஒயர் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டு, ஏசியை நின்ற வண்டியில் ஓடவிட்டுப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். எரிவாயு சிலிண்டரின் வால்வை வண்டி ஓடும்போது மூடியே வைக்க வேண்டும். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டுநருடன் வாடகைக்கு வரும் வண்டியின் எண் பலகை மஞ்சளிலும், நீங்களே ஓட்டிச் செல்லக் கொடுக்கப்படும் வாடகை வண்டியின் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்திலும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பது சிக்கலாகும். கர்நாடகப் பதிவு வண்டியென்றால் தமிழ்நாட்டுக்குள் வருவதற்கான அனுமதியும் வரி கட்டிய சான்றும் ஓசூர் எல்லையைத் தாண்டும் முன்பே கையில் இருக்கட்டும். 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள வண்டிகளுக்கு இலகுரக வாகன உரிமம் போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. சொந்த வேனையே கேரவனாக மாற்றலாம் என்று நினைப்பவர்கள் தச்சரிடம் போவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும். பதிவின்போது இருந்த அமைப்பை முன் அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

இனி வழியைப் பார்க்கலாம். முதல் முறை நான்கு நாளில் நான்கு ஊர் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாள் காலையும் கட்டிய பாத்திரத்தை ஒவ்வொரு மாலையும் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை இரண்டே இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு என்று மாற்றினோம், பயணமே வேறாகிவிட்டது. எங்கும் போகாத அந்த நடு நாள்தான் உண்மையில் விடுமுறை; அதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெங்களூரில் வண்டியை எடுத்தால் ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒரே சாலையில் வருகின்றன. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் முதல் தங்கல், பிறகு தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் என்பது பிள்ளைகளும் பெரியவர்களும் களைக்காத பாதை. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர்தான். சேலம் பக்கம் இறங்க நினைப்பவர்கள் தொப்பூர் கணவாயில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பிய வண்டிகளால் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. உயரமும் எடையும் கூடுதலான கேரவனை இரண்டாம் மூன்றாம் கியரிலேயே இறக்குங்கள். வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் நீளமான வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். கீழே நிறுத்திவிட்டு வேறு வண்டியில் ஏறுங்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தித் தூங்கவே கூடாது, பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் நிற்பது கடைசி நொடியில்தான் தெரியும். விடுதி வளாகத்தில் வண்டி நிறுத்தவும் ஓர் அறையின் குளியலறையைப் பயன்படுத்தவும் மட்டும் பேசிக்கொள்ளலாம். அறிந்தவர் தோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. உரிமையாளரிடம் நேரில் அனுமதி கேளுங்கள், மாங்காய்க் காலத்தில் பழம் பறிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். பென்னாகரம் – ஒகேனக்கல் சாலையும் அஞ்செட்டிச் சாலையும் காட்டுக்குள் போகின்றன, யானைகள் சாலையைக் கடக்கும். அங்கே வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டுவதும் தங்குவதும் கூடாது. பொழுது சாயும் முன் அந்தப் பாதையைக் கடந்துவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரையில் வண்டி திருப்பவே இடம் இருக்காது. ஆடி, ஆவணி மாதங்களில் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் கூடுதலாக வரும்போது ஒகேனக்கலில் பரிசலுக்கும் குளிப்பதற்கும் அடிக்கடித் தடை விதிப்பார்கள். மே மாத வெயிலில் தகரக் கூரை வண்டிக்குள் பகலில் உட்காரவே முடியாது. நாங்கள் இரண்டாம் முறை அரையாண்டு விடுமுறையில் போனோம். ஒகேனக்கலில் அத்தை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையை உலர்த்திக்கொண்டு பாறைமேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கவில்லை.

திரும்பும் நாளையும் திட்டத்தில் சேருங்கள். ஐந்து பேரின் அழுக்குத் துணியும் நான்கு நாள் பாத்திரமும் வீட்டுக்கு வந்தபின் ஒருவர் தலையில் விழுந்தால், மிச்சமான ஓய்வெல்லாம் அன்றே போய்விடும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வண்டியின் அடுப்பையும் குளிர்பெட்டியையும் திருப்பிக் கொடுக்கும் முன் துடைப்பது கணவரின் வேலை என்றும், துணி துவைப்பது என் வேலை என்றும், காயப்போட்டு மடிப்பது பிள்ளைகளின் வேலை என்றும் எழுதியிருந்தோம். அன்றிரவு சமையல் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து மகன் இட்லி வாங்கி வந்தான்.