ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர்: வன்னி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளையின் தாய், பாடசாலையிலிருந்து அழைப்பு வருவதைக் கண்டதுமே கலங்கிப்போகிறார் என்றால், அந்தப் பாடசாலை இதுவரை அவரிடம் எதைப் பற்றிப் பேசி வந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். கடித்துவிட்டான், கொப்பியைக் கிழித்துவிட்டான், கத்துகிறான், வந்து கூட்டிக்கொண்டு போங்கள். வேறு எதற்காகவும் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 இல் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருந்தது. அந்த அளவை வைத்துப் பார்த்தால், 300 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு நம்முடைய துணை தேவைப்படலாம். விசேட கல்வி அலகு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதாது. ஆனால் நான் இங்கே எழுதும் தவறுகளைத் தவிர்ப்பதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். சாதாரண வகுப்பாசிரியரால் நாளைக் காலையே தொடங்க முடியும்.

முதல் தவறு, பெற்றோரை முன்னால் இருத்தி விசாரிப்பது. கருவுற்றிருந்தபோது என்ன நடந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா, தகப்பன் எங்கே, கைத்தொலைபேசியைக் கொடுத்தா வளர்த்தீர்கள் என்று கேள்விகள் நீளும். வன்னியில் இப்படிக் கேள்வி கேட்பதற்குத் தனிப் பாரம் உண்டு. இன்றைய ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் 2009 இல் சிறுவர்களாகவோ இளைஞர்களாகவோ போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்கள். பெயர் என்ன, எந்த ஊர், குடும்பத்தில் யார் இல்லை, ஏன் இல்லை என்று மேசைக்கு மேசை சொல்லிப் பதிந்தவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனையோடு இருந்து கேட்கத் தொடங்கினால் அவர்கள் ஒடுங்கிப்போவார்கள். அல்லது கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டாலும் பிள்ளைக்குப் பயனில்லை.

மேசையை விட்டு எழுந்து, அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமருங்கள். பிள்ளையிடம் நீங்கள் கண்ட நல்ல விடயம் ஒன்றை முதலில் சொல்லுங்கள். "மகள் இன்று எழுத்து அட்டைகளையெல்லாம் வரிசை பிசகாமல் அடுக்கிவிட்டாள் அம்மா" என்பது போதும். பிறகு, "வீட்டில் அழத் தொடங்கினால் எப்படி ஆற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு மறுமொழி தெரிந்தவர் அந்தத் தாய்தான். அங்கே அவர் சொல்ல, நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். அந்த இடமாற்றம் ஒன்றே அவரை நிமிர்ந்து இருக்கச் செய்யும்.

காரணம் தேடும் கேள்விகள் கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழுகின்றன. மனநல மருத்துவர் லியோ கானர் 1943 இல் ஓட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு, 1950களிலும் 60களிலும் தாயின் அன்பற்ற வளர்ப்பே இதற்குக் காரணம் என்று மேற்கு நாடுகளில் படித்தவர்களே சொல்லித் திரிந்தார்கள். அந்தக் கருத்து பொய் என்று எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. நம்மிடையே அது வேறு உருவில் உலவுகிறது. பங்கருக்குள் பயந்து வளர்ந்த தாய், கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்ட தாய், தொலைபேசியைக் கையில் கொடுத்த தாய் என்று ஏதோ ஒரு தாய் குற்றவாளி ஆகிறார். ஓட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. அதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வளர்ப்பால் அது வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998 இல் வந்த ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010 இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இளைய பிள்ளைக்கு ஊசி போடத் தயங்கும் பெற்றோர் இருந்தால் இதை அவர்களுக்கு நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, நாமே தீர்ப்புச் சொல்வது. "ஆண் பிள்ளைகள் பிந்தித்தான் பேசுவார்கள், பயப்படாதீர்கள்" என்பதும் தீர்ப்பு, "உங்கள் பிள்ளைக்கு ஓட்டிசம்தான்" என்பதும் தீர்ப்பு. முன்னது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஆண்டுகளைத் தின்றுவிடும். பின்னதைச் சொல்லும் தகுதி ஆசிரியருக்கு இல்லை. நாம் கண்டதைக் கண்டபடி சொல்லி, மருத்துவரிடம் போகும் வழியைக் காட்டுவதே நம் வேலை.

ஆனால் "ஒருக்கால் யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புவது வழிகாட்டல் ஆகாது. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் புறப்பட்டு, பரந்தன் வீதியால் வந்து, பஸ் மாறி, ஏ9 வீதியால் போக வேண்டும். பஸ்ஸின் இரைச்சலும் பாட்டும் தாங்காத பிள்ளை வழி முழுவதும் அழும். ஏறுபவர்கள் எல்லாரும் புத்தி சொல்வார்கள். அன்றைய நாட்கூலி போய்விடும். அவ்வளவும் பட்டு உள்ளே போனால் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்நேரம் பிள்ளை களைத்துத் தூங்கியும் இருக்கலாம்.

அந்தச் சில நிமிடங்களுக்குப் பயன் தருவது ஆசிரியரின் கடிதம். "அடங்காதவன், கவனமில்லாதவன்" என்று எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. நடந்ததை எழுதுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாரா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாரா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாரா? கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறாரா? மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது எங்கே நிற்கிறார்? அழத் தொடங்குமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் அழுதார், எதனால் அமைதியானார்? இரண்டு வாரம் கவனித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளையால் செய்ய முடிந்தவற்றையும் அதே பக்கத்தில் சேருங்கள். ஒட்டிய உறையில் மூடிக் கொடுக்காமல், எழுதியதைப் பெற்றோருக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். பிறந்த நாள் முதல் நிறையும் ஊசியும் பதிந்துவரும் சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எந்த நாளில் கிளினிக் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நீங்களே கேட்டு அறிந்து சொன்னால், ஒரு வீண் பயணத்தைத் தவிர்க்கலாம்.

நாட்கூலியைச் சொன்னேன். சின்னச் சின்ன விடயத்துக்கெல்லாம் தாயைப் பாடசாலைக்கு வரவழைப்பதும், நாள் முழுவதும் வகுப்புக்கு வெளியே குந்தியிருக்கச் செய்வதும் ஒரு குடும்பத்தின் அடுப்பில் கை வைப்பது. வயல் வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் பெண், அவர் மட்டுமே உழைக்கும் குடும்பம் என்றால், இரண்டு மூன்று முறை இப்படி அழைக்கப்பட்டதும் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுவார். அதன் பிறகு, "தாய்க்கு அக்கறையில்லை" என்று வரவுப் பதிவேட்டைக் காட்டிப் பேசுவது பெரும் அநியாயம். இன்னும் சிலர், "இந்தப் பிள்ளைக்கு எங்களிடம் வசதியில்லை" என்று சேர்க்கும் நாளிலேயே கைவிரிக்கிறார்கள். வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இது பெற்றோருக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு ஒன்றுண்டு. பிள்ளை வகுப்பைவிட்டு வெளியே ஓடியதைப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பது. பிடித்துக் கொண்டுவந்துவிட்டோம், சொன்னால் நம்மைக் குறை சொல்வார்கள் என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சொல்லாமல் இறங்கிப் போகும் இயல்பு உண்டு. தண்ணீர் அவர்களில் பலரை ஈர்க்கும். இப்படி வெளியேறும் பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று. வன்னியில் எந்தப் பக்கம் நடந்தாலும் குளம், வாய்க்கால், கட்டில்லாத கிணறு, வயலுக்கு வெட்டிய துரவு. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிறைந்து வான் பாயும்போது இன்னும் பயம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிகளும் சில இடங்களில் இன்னும் உள்ளன.

ஆகவே ஓடினால் அன்றே சொல்லுங்கள். எந்த நேரம், எந்தத் திசை, எதைப் பார்த்துப் போனார் என்று சொல்லுங்கள். வீட்டிலிருந்தும் அதே திசைக்குத்தான் போவார் என்றால் பெற்றோருக்கு அது உயிர் காக்கும் தகவல். படலைக்குக் கொளுக்கி, கிணற்றுக்கு மூடி, பிள்ளையின் சட்டைக்குள் தொலைபேசி இலக்கம் என்று சேர்ந்து யோசியுங்கள். பாடசாலைக்கு அருகில் கடை வைத்திருப்பவருக்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கும் பிள்ளையைத் தெரியப்படுத்தலாமா என்று பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் செய்யுங்கள்.

சம்மதம் என்பது வேறு இடங்களிலும் வேண்டும். பாடசாலை வாசலில் மற்றத் தாய்மார் நிற்கும்போது அன்றைய முறைப்பாட்டை உரத்துச் சொல்லாதீர்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, "அவரைக் கொண்டுவர வேண்டாம்" என்று சொல்லாமல், வெடிச்சத்தமும் பாண்ட் வாத்தியமும் எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வருவதா, எப்போது வருவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வற்றாப்பளை அம்மனுக்கோ மடு மாதாவுக்கோ நேர்த்தி வைத்திருப்பதை இகழாதீர்கள். நேர்த்தியும் கிளினிக்கும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. ஆனால் ஓட்டிசத்தை முற்றாகக் குணமாக்குவேன் என்று பணம் கேட்பவரிடம் போக நம் வாயால் வழி சொல்லக் கூடாது. அதே பாடசாலையில் படிக்கும் அக்காவை ஒவ்வொரு முறையும் வகுப்பிலிருந்து எழுப்பித் தம்பியைப் பார்க்க அனுப்புவதையும் நிறுத்துங்கள். அவளும் படிக்க வந்த பிள்ளைதான்.

கடைசியாக, நம் இடமாற்றம். வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் வருவதும் போவதும் அடிக்கடி நடக்கிறது. நாம் போகும்போது அந்தத் தாய் எல்லாவற்றையும் புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எந்தச் சத்தம் ஆகாது, எங்கே இருத்தினால் அமைதி, எதைச் சாப்பிடுவார், மலசலகூடத்துக்குப் போக எப்படிக் கேட்பார், எந்த வாசலால் ஓடுவார், வீட்டில் யாரை அழைப்பது. பெற்றோருடன் இருந்து எழுதி, ஒரு பிரதியை அதிபரிடமும் மற்றதைத் தாயின் கையிலும் கொடுங்கள். புதியவர் வந்ததும் அவரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.